அப்பீல் போட்டாச்சு, இனி யாரும் தொட முடியாதா?

விவாகரத்து வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, மேல்முறையீடு போகிறோம், அது முடியும்வரை கீழ்க்கோர்ட் உத்தரவை நிறுத்தி வைக்க முடியுமா என்று இந்த மாதம் ஆணும் பெண்ணுமாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுக்க வேண்டியவரும் கேட்கிறார், பணம் வர வேண்டியவரும் கேட்கிறார், இருவருக்கும் ஒரே குழப்பம். ஒன்றுபோல இருந்தவற்றை விட்டுவிட்டு ஐந்தை எடுத்துக்கொண்டேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லாருமே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள், பதிலும் அதை வைத்துத்தான்.

கேள்வி: மேடம், எனக்கு 41 வயது. திருநெல்வேலியில் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. என் மனைவி போட்ட வழக்கில் குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்து கொடுத்து, நிரந்தர ஜீவனாம்சமாக 20 லட்சத்தை மூன்று மாதத்தில் கட்ட வேண்டும், 35 சவரன் நகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. விவாகரத்தில் எனக்கு ஆட்சேபனை இல்லை, தொகைதான் தாங்காது. ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல் போட்டு வழக்கு நம்பரும் ஆகிவிட்டது. நம்பர் ஆகிவிட்டால் கீழ்க்கோர்ட் ஒன்றும் செய்ய முடியாது என்று நண்பர் சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்தேன். போன வாரம் ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்திருக்கிறது, நான் குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்து ஏலம் விடக் கேட்டிருக்கிறார்கள். அப்பீல் இருக்கும்போது இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். உங்கள் நண்பர் சொன்னது தப்பு, ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், கோர்ட் வளாகத்து டீக்கடையில் நின்றாலே இதைத் தினமும் யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 5, முதல் வரியே அதைத்தான் மறுக்கிறது: அப்பீல் போட்டதாலேயே டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் போடும் முறையான உத்தரவு) நின்றுவிடாது. தீர்ப்பு தப்பு என்று மேலே போய்ச் சொல்வது அப்பீல். அது தப்பா சரியா என்று பார்த்து முடிக்கும்வரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று கேட்பது தடை மனு. இரண்டும் வேறு வேறு மனுக்கள். அப்பீலோடு சேர்த்தே தடை மனுவும் போயிருக்க வேண்டும். உங்கள் வழக்குக் காகிதங்களில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள். போட்டிருந்தும் பெஞ்ச் முன்னால் வராமல் கிடந்தால், ஈ.பி. நோட்டீஸைக் காட்டி அவசரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.

தடை கொடுக்க நீதிபதிகள் மூன்றைப் பார்ப்பார்கள். தடை இல்லாவிட்டால் உங்களுக்குக் கணிசமான நஷ்டம் வருமா, நீங்கள் தாமதம் செய்யாமல் வந்தீர்களா, கடைசியில் தோற்றால் பணம் கட்டுவதற்கு என்ன பிணை வைக்கிறீர்கள். முதல் இரண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவதில் வாயைத் திறக்க மாட்டார்கள். பெஞ்ச் முதலில் கேட்பதே அதைத்தான், "இப்போது எவ்வளவு டெபாசிட் செய்கிறீர்கள்?" பண டிக்ரி என்றால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை, சொன்ன டெபாசிட்டோ பிணையோ வைக்காவிட்டால் தடை தரக் கூடாது என்று அதே விதி 5 சொல்கிறது. 20 லட்சத்துக்கும் தடை வேண்டும், ஒரு ரூபாய்கூட வைக்க மாட்டேன் என்று போனால் உங்கள் அப்பீல் எவ்வளவு நல்ல அப்பீலாக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். பி.எஃப். அட்வான்ஸோ கூட்டுறவு சங்கக் கடனோ, முடிந்த ஒரு தொகையைத் தயார் செய்துகொண்டு, மீதிக்குத் தடை கேளுங்கள். எவ்வளவு என்பது பெஞ்சைப் பொறுத்தது, அதற்குக் கணக்குச் சூத்திரம் கிடையாது.

கட்டிய டெபாசிட்டில் ஒரு பகுதியை மனைவி எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு வரக்கூடும். அதைப் பார்த்துத் தோற்றுவிட்டதாக நினைத்து நொந்துபோகாதீர்கள். ஜீவனாம்சம் என்பது சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம், அதை முழுவதுமாக வருடக்கணக்கில் முடக்கி வைக்க எந்த நீதிபதிக்கும் மனம் வராது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கடைசியில் தொகை குறைந்தால் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க அதே சட்டத்தின் பிரிவு 144 இருக்கிறது. ஆனால் செலவாகிப்போன பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் எடுக்க அனுமதிக்கும் தொகையை மட்டாக வைக்க உங்கள் வக்கீல் வாதாடுவார், வாதாடட்டும்.

வீட்டு ஏலத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் வந்ததும் ஏலமே வந்துவிட்டதாக நினைத்துப் பதறாதீர்கள், நடுவில் ஜப்தி, விற்பனை அறிவிப்பு, மதிப்பு என்று படிகள் உண்டு. அப்படியே கோர்ட் விற்பனைக்கு உத்தரவு போட்டுவிட்டாலும், கட்டளை 41 விதி 6 என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அசையாச் சொத்தை விற்க உத்தரவானால், அந்த உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே மனுப் போட்டு, பிணை போன்ற நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு, விற்பனையை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். மேலே தடை கிடைக்கத் தாமதமானால் இது கைகொடுக்கும். தடை கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உத்தரவு கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அதைக் கட்டுப்படுத்தும். நகல் போய்ச் சேரும்வரை, தடை ஆகியிருக்கிறது என்று உங்கள் சொந்த அறிவில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் கோர்ட் அதன்படி நடக்க வேண்டும் என்று விதி 5லேயே விளக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தடை வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை நகலுக்காகக் காத்திருந்து நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நகை. 35 சவரன் உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை, நானும் கவனித்தேன், பெஞ்சும் கவனிக்கும். மனைவியின் நகை மனைவியின் சொத்து, அதற்கு ஜீவனாம்சம் போல வருமானக் கணக்கெல்லாம் கிடையாது. இருந்தால் கொடுத்துவிடுங்கள், அதைச் செய்துவிட்டு வந்து தொகைக்கு மட்டும் தடை கேட்கிறவரின் பேச்சுக்கு எடை அதிகம். இல்லை, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது உங்கள் வாதமானால் அதற்கான சாட்சியம் கீழ்க்கோர்ட் பதிவில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தொகை அதிகம் என்று வாதாட, சம்பளச் சீட்டு, கடன் விவரம், பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் வேண்டும். சொத்து, வருமான விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, உங்கள் வழக்கில் அது தாக்கலானதா, அதில் நீங்கள் எழுதியதும் இப்போது சொல்வதும் ஒன்றுதானா என்று பாருங்கள். சம்பளத்தில் 25 சதவீதம்தான் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அந்த 25 சதவீதம் 2017ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் பேசியது, எல்லாருக்குமான அளவுகோல் இல்லை. விவாகரத்தை எதிர்க்கவில்லை, தொகையை மட்டும்தான் எதிர்க்கிறேன் என்பதை அப்பீல் காரணங்களில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரின் மறுமணமும் தேவையில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: அக்கா, கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 25 லட்சம் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் ஹைகோர்ட் போய் ஸ்டே வாங்கிவிட்டார், எனக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே. பதினான்கு மாதம் ஆகிறது, கேஸ் லிஸ்டில் வருவதே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் ஸ்டே தானாகவே போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நான் ஈ.பி. போடலாமா?

பதில்: அந்த வீடியோ பழைய வீடியோவாக இருக்கும். 2018ல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு கெடு வைத்தது உண்மைதான். ஆனால் 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது, ஹைகோர்ட் கொடுத்த தடை ஆறு மாதம் ஆனதாலேயே தானாகக் காலாவதி ஆகாது. அதனால் அதை நம்பி ஈ.பி. போட வேண்டாம்.

முதலில் தடை உத்தரவின் நகலை வாங்கி வரி விடாமல் படியுங்கள். "நான்கு வாரத்துக்குள் இத்தனை லட்சம் டெபாசிட் செய்ய வேண்டும், தவறினால் இந்தத் தடை தானாக ரத்தாகும்" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தாலும் இருக்கும். இருந்தால், பணம் கட்டப்பட்டதா என்று கீழ்க்கோர்ட்டில் விசாரியுங்கள். கட்டவில்லை என்றால் அந்த நிபந்தனையைக் காட்டியே நீங்கள் ஈ.பி.க்குப் போகலாம். கட்டியிருந்தால் அதில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டு மனுப் போடுங்கள், அந்தப் பணம் கோர்ட் கணக்கில் சும்மா கிடக்கிறது, நீங்கள் கேட்காமல் யாரும் உங்களைத் தேடி வந்து தர மாட்டார்கள்.

நிபந்தனையே இல்லாத தடை என்றால், தடையை நீக்கக் கோரும் மனு. அதில் சட்டத்தைவிட வாழ்க்கையை எழுதுங்கள்: வாடகை எவ்வளவு, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் எவ்வளவு, இந்தப் பதினான்கு மாதம் யார் கொடுத்த பணத்தில் ஓடியது, எல்லாம் ரசீதோடு. முழுதாக நீக்காவிட்டாலும் இவ்வளவு கட்டு என்று நிபந்தனை விதிக்க வாய்ப்பு அதிகம். அப்பீல் நடக்கும் காலத்துக்கு மாதாமாதம் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 24ன் கீழ் ஹைகோர்ட்டிலேயே கேட்கலாம், அப்பீலும் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்குதான். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற, இன்னும் தீர்ப்பு வராத பெண்களுக்கு ஒரு விஷயம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்த கையோடு ஹைகோர்ட்டில் கேவியட் போட்டு வையுங்கள். எதிர்த்தரப்பு தடை கேட்டால் உங்களுக்குச் சொல்லாமல் கேட்க முடியாது. 90 நாள்தான் செல்லும், அதற்குள் அப்பீல் வராவிட்டால் மறுபடி போட வேண்டும். சின்னச் செலவு, இந்தச் சகோதரி அதைச் செய்திருந்தால் முதல் நாளே எதிரில் நின்றிருப்பார்.

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. 8 லட்சம் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு மகளுக்கும் சேர்த்து இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது அவர் பெயரில் ஊரில் இரண்டு இடம் இருப்பது தெரிகிறது, அதை மறைத்துவிட்டார். அப்பீல் போட்டு இந்த செட்டில்மென்ட்டை நிறுத்தி வைக்க முடியுமா? – வேலூர் வாசகி

பதில்: அப்பீல் கிடையாது. இருவரும் சம்மதித்து வாங்கிய தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்று குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984, பிரிவு 19(2) தெளிவாகச் சொல்கிறது. அப்பீலே இல்லாதபோது அப்பீல் முடியும்வரை தடை என்பதும் இல்லை. தீர்ப்பு வருவதற்கு முந்தின நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

மோசடி செய்து சம்மதம் வாங்கினார் என்றால், அதே கோர்ட்டில், அதே வழக்கில் மனுப் போட வேண்டும். தனியாக ஒரு சிவில் வழக்குப் போட்டுச் சமரச டிக்ரியை உடைக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், "மறைத்துவிட்டார்" என்பதும் "நான் விசாரிக்கவில்லை" என்பதும் கோர்ட்டுக்கு வேறு வேறு. சொத்து இல்லை என்று அவர் எங்காவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? ஒப்பந்தத்தில், பிரமாணப் பத்திரத்தில், மத்தியஸ்த மையத்தில் கொடுத்த காகிதத்தில்? இருந்தால் வில்லங்கச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். இல்லாவிட்டால் இந்த வழியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், அதற்காக இன்னொரு மூன்று வருடத்தைச் செலவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

மகள் விஷயம் வேறு. பிள்ளைக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சத்தை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, அது பிள்ளையின் உரிமை. செட்டில்மென்ட்டை உடைக்காமலே மகளுக்காகத் தனியாக ஜீவனாம்சம் கேட்கலாம். அந்த இரண்டு இடத்தின் விவரம் உண்மையில் அங்கேதான் பயன்படும்.

கேள்வி: என் மகள் இரண்டு வருடமாக எங்களோடு தஞ்சாவூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை சென்னையில் விவாகரத்து வழக்குப் போட்டு, பழைய வாடகை வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பி, ஒருதரப்பாகத் தீர்ப்பும் வாங்கிவிட்டாராம். நான்கு மாதம் ஆகிவிட்டது, எங்களுக்குப் போன வாரம்தான் தெரியும். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம் என்கிறார்கள். தீர்ப்பை நிறுத்த முடியுமா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் மகள் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசுகிறீர்கள். அவர் திரும்பச் சேர்ந்து வாழ நினைக்கிறாரா, அல்லது தன் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்பானதுதான் கோபமா, அல்லது வாழ்க்கைக்குப் பணம் வேண்டுமா? மூன்றுக்கும் வழி வேறு.

தீர்ப்பையே எதிர்ப்பதானால், அதைக் கொடுத்த கோர்ட்டிலேயே ஒருதரப்புத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு (கட்டளை 9, விதி 13). நோட்டீஸ் முறைப்படி வந்து சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள். போன வாரம் என்கிறீர்கள், அப்படியானால் மூன்று வாரம் இருக்கிறது, கல்யாணத் தேதி அதற்கும் முன்னால் இருக்கலாம். அந்த மனுவோடு தீர்ப்பை நிறுத்தி வைக்கக் கேட்டு இன்னொரு மனு. நோட்டீஸ் போன முகவரியில் உங்கள் மகள் இல்லை என்பதும், தஞ்சாவூர் முகவரி மாப்பிள்ளைக்குத் தெரியும் என்பதும் காட்ட வேண்டும். அவர் அனுப்பிய பார்சல், வாட்ஸ்அப் செய்தி, பிள்ளையின் பள்ளிச் சான்று என்று எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பீலுக்குப் போகும் வழியில் ஒரு முடிச்சு இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் பிரிவு 28 90 நாள் என்கிறது, இதில் எது என்று ஹைகோர்ட்டுகளிடையே பேச்சு உண்டு, 90 என்று பம்பாய் முழு அமர்வு 2016ல் சொன்னது. பத்திரமாக இருக்க 30ஐ வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வழக்கம். உங்களுக்கு இரண்டுமே தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவோடு போடலாம், ஆனால் தாமதமாக வந்த அப்பீலை விசாரிக்க எடுத்துக்கொள்வதாக முடிவு செய்யும்வரை டிக்ரியை நிறைவேற்றத் தடை கொடுக்கக் கூடாது என்று கட்டளை 41 விதி 3ஏ சொல்கிறது. அடுத்த மாதம் கல்யாணம் என்கிற அவசரத்துக்கு அந்த வழி நீளம்.

அப்பீல் காலம் முடிந்து, அப்பீல் இல்லாவிட்டால் மறுமணம் செய்யலாம் என்பதுதான் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 15. அந்தப் பிரிவை மீறிச் செய்த திருமணமும் தானாகவே செல்லாததாகிவிடாது என்று 1978லும் 2018லும் உச்ச நீதிமன்றம் வேறு வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே கல்யாணம் நடந்துவிட்டால் உங்கள் நிலை கடினம். மனுவைத் தாக்கல் செய்த அன்றே அவருக்கும் அவர் வக்கீலுக்கும் பதிவுத் தபாலில் தகவல் அனுப்புங்கள், எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாதபடி. மண்டபத்துக்குப் போய்ச் சண்டை போடுவது, பெண் வீட்டாரை மிரட்டுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், நாளைக்கு அது உங்கள் மகளுக்கு எதிரான ஆவணமாக வரும்.

மகள் திரும்பப் போக விரும்பவில்லை, பணம்தான் பிரச்சினை என்றால் இந்த ஓட்டமே தேவையில்லை. நிரந்தர ஜீவனாம்சத்தைத் தீர்ப்பின்போதும் கேட்கலாம், தீர்ப்புக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பிரிவு 25 அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: மாதம் 12,000 ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி 125 வழக்கில் உத்தரவு. அப்பீல் போடப் போகிறேன், அதுவரை கட்டாமல் இருக்கலாம் அல்லவா?

பதில்: இருக்கலாம், வாரண்ட் வரும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த பழைய பிரிவு 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 144, 2024 ஜூலை 1 முதல். குடும்ப நல நீதிமன்றம் போட்ட இந்த உத்தரவுக்கு அப்பீல் இல்லை, ஹைகோர்ட்டில் சீராய்வு மனுதான் (உத்தரவு சரியா என்று பார்க்கக் கேட்பது), அங்கேயும் தடையைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வா என்று சொல்லக்கூடும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம், சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது. சம்பளத்தில் ஜப்தி வந்தால், ஜீவனாம்ச டிக்ரிக்கு உங்கள் கைக்கு விட்டுவைக்கச் சட்டம் சொல்வது மூன்றில் ஒரு பங்குதான். இந்த மாதத் தொகையைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு சீராய்வு மனுப் போடுங்கள், தடை மனுவில் அந்த ரசீதையும் இணைத்துவிடுங்கள்.